‘போ’ என்று சொல்லாத ஊர்

முரலடி ஊருக்கு மேலே ஒரு குண்டு விழாமல் அந்தரத்தில் நின்றுகொண்டது ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கோயில் வளவில் விளையாடிக்கொண்டிருந்த நேரம். அது அப்படி நின்றது ஐந்து மாதமும் பதினொரு நாளும். அதை நிற்கச் சொன்னவள் மீன்பிடிகாரர் சவிரிமுத்துவின் மூத்த மகள் கொறற்றி, வயது எட்டு, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று ஊரில் பேரெடுத்தவள். அந்தப் பேர் அவளுக்குச் சும்மா வரவில்லை. அதற்கு முந்தின வருடம், சண்டை காரணமாகச் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் ஊருக்குள் வரக்கூடாது என்று தடை இருந்த காலத்தில், தாய் எமிலியா இரண்டு பற்றரியைப் பனங்கட்டி வைக்கிற ஓலைக் குட்டானுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு சோதனைச் சாவடி தாண்ட வந்தபோது, ஆமிக்காரன் ஒருவன் குனிந்து கூட வந்த கொறற்றியின் கன்னத்தைத் தட்டி "பேபி, என்ன இருக்கு?" என்று பகிடிக்குக் கேட்க, "பனங்கட்டி, அதுக்குள்ள ரெண்டு பற்றரி" என்று தெளிவாகச் சொன்னவள் அவள். அன்றிலிருந்து அவளை ஒருத்தரும் சந்தைக்குக் கூட்டிப்போவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை விளையாட்டில் அவளுடைய முறை. மதிலில் முகத்தை வைத்துப் பத்து வரைக்கும் எண்ணி, சட்டென்று திரும்பி "நில்!" என்று கத்தவேண்டும், கத்தினதும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தூக்கின கால் தூக்கினபடி, திறந்த வாய் திறந்தபடி நிற்கவேண்டும், அவள் "போ" என்று சொல்லும்வரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது. அவள் ஏழு என்று சொன்ன நேரம் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. மற்றப் பிள்ளைகள் கோயிலுக்குப் பக்கத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் குதித்தார்கள். எண்ணத் தொடங்கினால் முடிக்காமல் விடக்கூடாது என்பது சட்டம் என்றபடியால் கொறற்றி எட்டு, ஒன்பது, பத்து என்று ஆறுதலாக எண்ணி முடித்துத் திரும்பி, "நில்!" என்றாள். வளவில் ஒருத்தரையும் காணவில்லை. மேலே பார்த்தாள். கறுப்பாய், தலைகீழாய், அவளுடைய அப்பாவின் வள்ளத்தில் பாதி நீளமான ஒன்று, கோயில் முகப்பில் நின்ற இரண்டு தென்னைகளுக்கும் நடுவில், குருத்துகளுக்குச் சற்று மேலே, தூக்கின கால் தூக்கினபடி நின்றுகொண்டிருந்தது. கொறற்றிக்கு அதில் வியக்க ஒன்றும் இருக்கவில்லை. நில் என்றால் நிற்கத்தானே வேண்டும். அவள் பங்கர் வாசலுக்குப் போய்க் குனிந்து, "நீங்கள் எல்லாரும் ஏமாத்துக்காரர். அது ஒண்டுதான் ஒழுங்கா விளையாடுது" என்றாள்.

மூன்று நாள் முரலடியில் ஒருத்தரும் வெளியே வரவில்லை. நாலாம் நாள் எமிலியா, கோயில் வேலியில் காயப்போட்ட சேலை வெய்யிலில் வெளிறிப்போகிறதே என்ற கவலையில், செபமாலையை வாய்க்குள் முணுமுணுத்தபடி போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐந்தாம் நாள் ஒரு காகம் குண்டின் வாலில் இருந்து கரைந்தது. ஆறாம் நாள் வலைகள் காய்ந்து முறுகிப்போகும் என்று ஆண்கள் கடலுக்குப் போனார்கள். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு வந்தவர்கள் வாசலில் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளே போய்த் தங்கள் வழக்கமான இடங்களில் முழந்தாளிட்டார்கள். அதோடு பயம் என்பது பழகின நாயைப்போலக் காலடியில் சுருண்டு படுத்துவிட்டது.

அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போதுதான் எமிலியா மகளிடம் கேட்டாள், "பிள்ளை, இது இப்பிடியே நிக்குமோ?"

"ஓம் அம்மா. நான் இன்னும் விளையாட்டை முடிக்கேல்லைத்தானே. நான் எப்ப..." என்று சொல்லிக்கொண்டே கொறற்றி அடுத்த சொல்லுக்காக உதட்டைக் குவித்தாள்.

எமிலியா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

அந்தக் கையை எடுக்க ஊருக்கு ஐந்து மாதம் பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும். ஏனென்றால் அன்றைக்கு மத்தியானமே ஊரின் அரச அலுவல் பார்க்கிற விதானையார் மத்தேசு, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வீடுவீடாகப் போய் அறிவித்தார்: கொறற்றி அந்த ஓரெழுத்தைச் சொல்லக்கூடாது, பிள்ளைகள் காதில் விழுவதுதான் வாயில் வரும் என்றபடியால் ஊரில் வேறு ஒருத்தரும் அதைச் சொல்லக்கூடாது, அந்த எழுத்து உள்ளுக்குள் ஒளிந்திருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. முதல் கிழமை முரலடி முழுவதும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரிந்தது. பிறகு ஊர் தன் பேச்சைத் தானே தைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டது. சோறு போதும் என்பதற்குக் காணும் என்றார்கள், அது எப்போதும் உள்ளதுதான். போத்தலைக் குப்பி என்றார்கள். கோழியைக் கலைக்க, "அங்கால நட, நட" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சண்டை பிடிக்கிற புருஷன் பெண்சாதிகூட, "என்ர கண்ணில முழியாத, எங்கயாவது..." என்று தொடங்கி, வசனத்தை முடிக்க வழியில்லாமல், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சமாதானமாகினார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு றீச்சர் பகர வரிசை சொல்லிக்கொடுக்கும்போது பொ சொல்லி, இருமி, பௌ சொன்னாள். கோயிலில் கர்த்தர் கற்பித்த செபத்தில் "போல" என்று ஒரு சொல் வருகிற இடத்தில் சனம் முழுக்க ஒரே தாளத்தில் தொண்டையைச் செருமியது, சுவாமியாரும் செருமினார், கடவுளுக்கு விளங்கும் என்றார். அதைவிடப் பெரிய புதினம், அந்த ஐந்து மாதமும் ஒருத்தரும் மற்றவரிடம் "போறன்" என்று சொல்லவில்லை. கடலுக்குப் போனவனும், சந்தைக்குப் போனவளும், மருந்தெடுக்கப் பக்கத்து ஊருக்குப் போனவர்களும், எல்லாரும் "வாறன்" என்றே சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். சொன்னபடியே வந்தும் சேர்ந்தார்கள்.

இரண்டாம் கிழமை மறுபடி இரண்டு பொம்மர் வந்தன. சனம் பங்கருக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. அவை ஊரை ஒரு வட்டம் சுற்றின, இன்னொரு வட்டம் சுற்றின, தென்னைகளின் நடுவில் தங்கள் சாமான் ஒன்று தலைகீழாய் நிற்பதைக் கண்டு என்ன நினைத்தனவோ, கடல் பக்கமாய்த் திரும்பிப் பறந்துவிட்டன. பிறகு முரலடியின் வானத்துக்கு அவை வரவேயில்லை. "இந்த இடத்தில வேலை நடந்துகொண்டிருக்கு, இடையில குழப்பக்கூடாது எண்டு நினைச்சிருப்பாங்கள்" என்றார் விதானையார். அவர் தன் கடமையிலும் குறை வைக்கவில்லை. ஊரிலுள்ள பொதுப் பொருள்களைப் பதிகிற பெரிய கொப்பியில், கோயில் வளவு என்ற தலைப்பின் கீழ், தென்னை இரண்டு, கிணறு ஒன்று என்று இருந்த வரிக்குக் கீழே, "குண்டு ஒன்று, விழவில்லை" என்று சிவப்பு மையில் எழுதினார். அதன் பிரதி மேலிடத்துக்குப் போய், ஒன்றரை மாதம் கழித்து முத்திரை குத்தின கடிதம் ஒன்று வந்தது: மேற்படி பொருள் அரச உடைமை, கீறல் விழாமல் உடனே திருப்பி ஒப்படைக்கவும். விதானையார் ஒரு பின்னேரம் முழுக்க யோசித்துப் பதில் எழுதினார்: பொருள் கைக்கெட்டும் உயரத்தில் இல்லை, அனுப்பியவரே வந்து எடுத்துக்கொள்வதில் ஊருக்கு ஆட்சேபனை எதுவும் கிடையாது. அதற்குப் பதில் வரவில்லை.

பொம்மர் வராத ஊர் என்றால் சும்மாவா? பக்கத்து ஊர்களிலிருந்து சனம் பாயும் தலையணையுமாய் வந்து சேர்ந்தது. ஒரு கலியாணத்தைக் குண்டுக்கு நேர் கீழே பந்தல் போட்டுச் செய்தார்கள், அந்த இடத்தைவிடப் பத்திரமான இடம் வடக்கில் வேறெங்கும் இல்லை என்று. அதன் நிழல் காலையில் பள்ளிக்கூட வாசலிலும் மத்தியானம் கிணற்றடியிலும் பின்னேரம் கிழிந்த வலை பொத்துகிற இடத்திலும் விழுந்தது. அந்த நிழலோடு சேர்ந்து ஆட்களும் இடம் மாறினார்கள். கடலுக்குப் போனவர்கள் தூரத்திலிருந்தே அதைக் குறிபார்த்து வள்ளத்தைத் திருப்பினார்கள். கொறற்றியிடமும் சனம் வந்தது, விக்கல் நிறுத்த, இருமல் நிறுத்த, ஓயாமல் அழுகிற குழந்தையை நிறுத்த. அவள் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்து "நில்" என்றாள். விக்கல் நின்றது. மற்றதெல்லாம் நிற்கவில்லை. "விக்கல் மட்டும்தான் வரும், மற்றது எனக்குத் தெரியாது" என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அப்படியும் அவர்கள் கதலி வாழைப்பழமும் எங்கிருந்தோ தப்பி வந்த வாசனைச் சவர்க்காரத் துண்டும் அவள் கையில் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டார்கள்.

பின்னேரங்களில் அவள் கடற்கரையில் போய் நிற்பாள். ஏரியைப்போல அமைதியான குடாக்கடல் அது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு இராணுவ முகாமும் கொடிக்கம்பமும் இருந்தன, அதைச் சுற்றி ஓலைக் கூரைகளும் இருந்தன, காற்றுக் காலத்தில் அந்தக் கூரைகளுக்கு மேலே ஏழெட்டுப் பட்டங்கள் எழும்பும். கொறற்றிக்கு அதில் பச்சை வால் வைத்த ஒன்றைத்தான் பிடிக்கும். அதைப்பற்றி அவள் சத்தம்போட்டு ஜூட்டுக்குச் சொல்லுவாள். ஜூட் பள்ளிக்கூட வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து படித்த பெடியன். இந்தக் குண்டுக்கு முந்தி, மாசி மாதம் அவர்களுடைய குறிச்சியில் குண்டு விழுந்த மறுநாள், ஜூட்டும் தாயும் இரண்டு தங்கைகளும் இரவோடிரவாக இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டார்கள் என்று பெரியாட்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தியா கடலுக்கு அந்தப் பக்கம்தானே, கத்தினால் கொஞ்சமாவது கேட்கும் என்று அவள் நினைத்தாள். குண்டு என்றால் அவளுக்கு, பெரிய சத்தம் போட்டுக் கூரையை உடைத்துச் சனத்தை வள்ளம் ஏறவைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

ஐந்து மாதம் முடிந்தபோது கோயில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. குண்டு இடைஞ்சலாக இருந்தது. சவிரிமுத்து தென்னையில் ஏறி, அதன் வாலில் வலைக்கயிற்றை முடிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்தார். தண்ணீரில் கிடக்கும் வள்ளத்தைப்போல அது லேசாக அசைந்து அவருக்குப் பின்னால் வந்தது. ஓடு மாற்றி முடிந்ததும் பழையபடி கொண்டுவந்து விட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இந்தச் செய்தி ஊரைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, காட்டுக்குள் இருந்து ஆமியோடு சண்டை பிடித்த துவக்குக்காரப் பெடியள் காதுக்குப் போய்ச் சேர மூன்று நாள்தான் எடுத்தது.

அவர்கள் ஐந்து பேர் பின்னேரம் சைக்கிளில் வந்தார்கள். அவர்களுடைய பொறுப்பாளருக்கு இருபது வயதுகூட இருக்காது. அரும்பு மீசை, தோளில் துவக்கு, பேச்சில் நல்ல மரியாதை. வளவுக்குள் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, "போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றான். அவ்வளவுதான், நின்ற சனம் எல்லாம் தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டது. என்ன நடந்தது என்று விளங்காமல் அவனுடைய ஆட்களும் குந்தினார்கள். விதானையார்தான் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி ஊர்வழக்கத்தை அவனுக்கு விளங்கப்படுத்தினார்.

கொறற்றியைக் கண்டதும் அவன் சட்டைப்பையில் இருந்து ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்து நீட்டினான். "தங்கச்சி, இது நீர் சொன்னால்தான் விழுமாம். உண்மையோ?"

"ஓம் அண்ணா."

"வேற ஆர் சொன்னாலும் விழாதோ?"

"விழாது. விளையாட்டில என்ர முறைதானே."

அவன் சவிரிமுத்துவின் பக்கம் திரும்பினான். "ஐயா, நாளைக்குப் பின்னேரம் படகோட வருவம். இதைக் கட்டியிழுத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு மேல நிப்பாட்டினால் காணும். மகள் ஒரு சொல்லுச் சொன்னால் சரி. எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் ஒரு கீறல் வராது."

சவிரிமுத்து மகளைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கொறற்றிதான் கேட்டாள். "அங்க விழுந்தால் என்ன நடக்கும் அண்ணா?"

ஐந்து மாதமாக அந்தக் குண்டின் கீழே இருந்த ஊரில் ஒரு பெரியாளும் அவளுக்குச் சொல்லாத பதிலை, அவள் நேராகக் கேட்டபடியால், அவன் நேராகச் சொன்னான். "ஆக்கள் சாவினம்."

"ஆர்?"

"அங்க இருக்கிற ஆமி."

"பட்டம் விடுற பிள்ளையளுமோ?"

அவன் கடலைப் பார்த்தான். காற்று இல்லாத நாள். எதிர்க்கரையில் பட்டம் எதுவும் இல்லை. "குண்டுக்கு ஆக்களைத் தெரியாது தங்கச்சி" என்றான், சற்றுக் குரல் தாழ்த்தி.

கொறற்றி இனிப்பைக் கைக்குள் வைத்தபடி யோசித்தாள். மற்ற எல்லாரும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்குள் விழுந்த வாளி அடியைத் தொடுகிற மாதிரி, ஏதோ ஒன்று அவள் கண்ணுக்குள் இறங்கி இறங்கிக் கடைசியில் தொட்டது. அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அப்ப ஜூட் இந்தியாவில இல்லையோ?"

எமிலியா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். றீச்சர் நிலத்தைப் பார்த்தாள். கொறற்றி மறுபடி கேட்கவில்லை. இனிப்பைத் திருப்பி அவன் கையில் வைத்தாள். "நாளைக்கு வாங்கோ அண்ணா" என்றாள்.

அவர்கள் சைக்கிள் ஏறின பிறகு சனம் கோயிலுக்குள் கூடியது. குண்டைக் காட்டுக்குள் இழுத்து ஒளிக்கலாம் என்றார் ஒருவர். அவ்வளவு பெரிய குண்டை எங்கே ஒளிக்கிறது என்றார் இன்னொருவர். பிள்ளையை வேறு ஊரில் மாமி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். அவள் இல்லாவிட்டாலும் பெடியள் குண்டை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் பொம்மர் திரும்பி வருமே என்றார்கள். இப்படியே பேச்சு வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்க, கொறற்றி வாங்கின் மேல் ஏறி நின்றாள்.

"அப்பா, ஆழக்கடல் எவ்வளவு தூரம்?"

"ஏன் மோனை?"

"அங்க ஆக்கள் இல்லைத்தானே."

விதானையார் மெல்லக் கேட்டார், "பிள்ளை, அது இல்லாட்டி எங்களுக்கு வானத்தில ஒரு காவலும் இருக்காது. விளங்குதே?"

"விளங்குது மாமா. பங்கர் வெட்டுவம். நானும் மண் அள்ளுவன்."

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை; ஆண்கள் கயிறு தேடப் புறப்பட்டார்கள்.

விடிகிற நேரம், கடல் பால்மாதிரி வெளுத்துக் கிடக்கும்போது, சவிரிமுத்துவும் இன்னும் மூன்று பேரும் கொறற்றியையும் ஏற்றிக்கொண்டு, துடுப்புப் பிடித்து வள்ளம் வலித்தார்கள். குண்டு அவர்களுக்குப் பின்னால், ஒரு பெரிய கறுப்பு மீன் காற்றில் நீந்தி வருவதைப்போல, கயிற்றின் நுனியில் அடக்கமாக வந்தது. காகமும் கூட வந்தது. பாதி வழியில் மனம் மாறித் திரும்பியது. எதிர்க்கரைக்கும் முரலடிக்கும் எட்டாத ஆழத்தில், நங்கூரக் கல்லோடு ஒரு மிதவையை இறக்கிக் கயிற்றை அதில் முடிந்துவிட்டு, அவர்கள் திரும்பி வலித்தார்கள். எவ்வளவு தூரம் வந்தால் உயிர் தப்பும், எவ்வளவு தூரம் வந்தால் குரல் கேட்காது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைச் சவிரிமுத்து கண்ணாலேயே அளந்து வள்ளத்தை நிறுத்தினார். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்காக ஊமையாகக் கிடந்த கோயில் ஒலிபெருக்கியின் புனலைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கொறற்றி அதை வாயில் வைத்தாள்.

சத்தம் வரவில்லை. ஐந்து மாதம் வாய்க்குள் கிடந்த எழுத்து துருப்பிடித்துப்போயிருந்தது. அதுமட்டுமில்லை. இனிமேல் தான் சொன்னாலும் எதுவும் நிற்காது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்தது. நில் என்றால் நிற்கத்தானே வேண்டும் என்று நினைத்த அந்தக் கொறற்றியும் அந்த மிதவைக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் அனுப்பவேண்டும். தகப்பன் அவளை அவசரப்படுத்தவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் புனலை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடாமல், பத்து வரைக்கும் எண்ணினாள்.

"போ!"

குண்டு போனது. கடல் ஒருமுறை எழும்பி நின்று பார்த்து, பிறகு உட்கார்ந்தது. வள்ளம் தென்னோலை மாதிரி ஆடியது. சத்தம் அடங்கிக் காதில் கூவல் ஓய்ந்ததும், வெள்ளை வெள்ளையாய் என்னமோ மிதந்து வருவதை அவர்கள் கண்டார்கள். பாரை, விளைமீன், ஒட்டி, சூடை, முரல், ஒரு வருடத்துக்குப் பிடிக்கிற மீன் வயிறு மேலே காட்டி வந்துகொண்டிருந்தது.

கரையில் நின்ற சனம் கூவிக்கொண்டு இறங்கியது. வள்ளம் இருந்தவன் வள்ளத்திலும், இல்லாதவன் வாழைத்தண்டிலும், பெண்கள் ஓலைக் கடகத்தோடு இடுப்பளவு தண்ணீரிலும். சுவாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். எதிர்க்கரையில் இருந்தும் வள்ளங்கள் புறப்பட்டன. ஆறு வருடமாக ஒருவரையொருவர் பட்டமாகவும் புகையாகவும் மட்டும் கண்டிருந்த இரண்டு கரைச் சனமும் நடுக்கடலில் மீன் பொறுக்கிக்கொண்டு முகத்துக்கு முகம் பார்த்தது. அந்தப் பக்கத்துக் கிழவர் ஒருவர் பெரிய பாரை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்க, சவிரிமுத்து கைகொடுத்தார். சுடுவார்களோ என்று எல்லாரும் ஒருகண்ணால் முகாமைப் பார்த்தார்கள். அங்கே ஆமிக்காரர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தலையில் போடுகிற இரும்புத் தொப்பியைக் கழற்றி, அதற்குள் மீன் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வள்ளத்தின் முன் அணியத்தில் கொறற்றியின் வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். இரண்டு பேரும் வள்ளங்கள் விலகும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பச்சை வால் பட்டம் ஆருடையது?" என்று கொறற்றி கத்திக் கேட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

பின்னேரம் பொறுப்பாளர் படகோடு வந்தபோது ஊர் முழுக்க மீன் மணம். ஒவ்வொரு வளவிலும் அடுப்பு எரிந்தது. அவன் நேரே கோயில் முகப்புக்குப் போய், இரண்டு தென்னைக்கும் நடுவில் இருந்த வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சவிரிமுத்துவின் வீட்டுக்கு வந்து, மற்றவர்களை விட்டுவிட்டு, கொறற்றியின் முன்னால் குந்தினான்.

"தங்கச்சி, எங்க அது?"

எமிலியாவுக்குப் பற்றரி நினைவு வந்தது. பிள்ளை இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறது, வீடு அழியப்போகிறது என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கொறற்றி அவனுடைய கண்ணை நேராகப் பார்த்தாள். "நான் ராத்திரி நித்திரையில கதைக்கிறனான் அண்ணா. கனவில ஒரு ஆடு வந்து பூக்கண்டைத் திண்டுது. போ எண்டு கலைச்சுப்போட்டன்."

விதானையார் ஒரு அடி முன்னால் வந்து, "ஓம் தம்பி, நான் என்ர காதால கேட்டனான். எங்கட வீடு நாலு வளவு தள்ளி. அவ்வளவு சத்தம்" என்றார். "பெரிய ஆடு எண்டு நினைக்கிறன்" என்றாள் றீச்சர். "அது சொன்ன உடன கடல் பக்கம் ஓடிச்சுது, நான் கண்டனான்" என்றார் சுவாமியார், சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்து ஒருமுறை செருமினார். "நான் கனவிலேயே அந்த ஆட்டைக் கண்டனான்" என்றான் ஒரு மீன்பிடிகாரன்; அவனுடைய பெண்சாதி அவனை இடுப்பில் இடித்தாள். ஐந்து மாதம் வாயை அடக்கிவைத்திருந்த ஊர் அது. இப்போது போட்டி போட்டுக்கொண்டு, போதும் போதும் என்கிற அளவுக்கு, ஆட்டின் நிறத்தையும் கொம்பின் நீளத்தையும் அது போன திசையையும் சொல்லிக்கொண்டே போனது.

பொறுப்பாளர் மூலையில் சுருட்டிவைத்திருந்த ஈரக் கயிற்றைக் கண்டான். அதன் பக்கத்தில் கிடந்த ஒலிபெருக்கிப் புனலையும் கண்டான். அவனுடைய முகத்தில் கோபம் வருவதற்குத் தயாராகத்தான் நின்றது. அந்த நேரம் எமிலியா, என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு கோப்பையில் சோறு போட்டு, மேலே பாரை மீன் துண்டும் சொதியும் விட்டு, அவன் கையில் வைத்துவிட்டாள். "சாப்பிடுங்கோ தம்பி. எத்தினை நாளாச்சு சாப்பிட்டு?"

அவன் சாப்பிட்டான். அவனோடு வந்த மற்ற நாலு பேரும் ஏற்கெனவே முற்றத்தில் இருந்து இரண்டாம் தரம் சோறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் முள்ளுச் சப்பிக்கொண்டே அழுதான், தன்னுடைய அம்மாவின் குழம்பும் இதே உறைப்பு என்று. பொறுப்பாளர் கை கழுவிவிட்டுக் கொறற்றியின் காதுக்குள், "ஆடு என்ன நிறம்?" என்று கேட்டான்.

"கறுப்பு" என்றாள் அவள், கண் இமைக்காமல். "நெத்தியில மட்டும் வெள்ளை."

அவன் சிரித்தான். சிரித்தபோது அவனுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. படகில் ஏறும்போது இரண்டு பெரிய விளைமீனையும் கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் பிள்ளைகள் ஊர்முழுக்க ஓடி ஓடி அந்த ஒற்றை எழுத்தைக் கத்தித் தீர்த்தார்கள். வீட்டுக்குள் கொறற்றி அடுப்படியில் தாயின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஜூட்டுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ அம்மா."

எமிலியா அகப்பையைக் கீழே வைத்தாள். இந்த முறை சொன்னாள். அன்றைக்கு ஜூட்டும் தாயும் தங்கைகளும் வீட்டுக்குள் இருந்தார்கள் என்றும், வீடு அவர்களுக்கு மேலே விழுந்தது என்றும், ஊரே சேர்ந்து அவர்களைக் கோயிலுக்குப் பின்னால் மண்ணுக்குள் வைத்தது என்றும், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரவில்லை என்றும், ஒன்றையும் விடாமல் சொன்னாள். கொறற்றி அழுதாள். தாயின் மடியில் முகத்தை வைத்து நெடுநேரம், விக்கல் வரும்வரைக்கும் அழுதாள். விக்கல் தன்பாட்டில் வந்து தன்பாட்டில் நின்றது. பிறகு அவள் நிமிர்ந்து, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை எடுத்துத் தாயிடம் நீட்டினாள்.

"அம்மா, இனி எனக்கு நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. வெளி ஆக்களுக்குச் சொல்லுற பொய்யை நான் பாத்துக்கொள்ளுறன்."

எமிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட ஓட, சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க, சுவரில் சாய்ந்து அவள் சிரித்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன எமிலி, ஏன் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு?" என்று கேட்டாள்.

"அது ஒண்டுமில்லை மாமி" என்றாள் கொறற்றி, வாய் நிறையச் சோற்றோடு. "அம்மாவுக்குத் தொண்டையில முள்ளுக் குத்திப்போட்டுது."